முன்நிரப்பிய மனுவில் கையெழுத்திடுமுன்

கும்பப்பூ சாகுபடிக்குக் கடன் கோரும் அங்கத்தினர், தம் பெயர், தகப்பனார் பெயர், அங்கத்தினர் எண், சர்வே எண், விஸ்தீரணம் ஆகியவற்றைக் கன்னிப்பூவுக்கு எழுதியது போலவே மறுபடியும் எழுதிக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. பேரேடு கணினிக்குள் சென்றுவிட்ட சங்கத்தில், அங்கத்தினர் எண்ணைத் தட்டியதும் மனுவின் கட்டங்கள் தாமே நிரம்பும்படி செய்யலாம். இதுவே முன்நிரப்புதல். டென்மார்க் நாட்டினர் வருமான வரிக் கணக்கில் இம்முறையை 1988-ஆம் ஆண்டிலேயே கைக்கொண்டனர். நம் நாட்டிலும் சம்பளம், வட்டி முதலியவை நிரப்பப்பட்ட வரிப் படிவம் இப்பொழுது கிடைக்கிறது.

பருவத் தொடக்கத்தில் சங்க வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர் எவரும் இந்த வசதியை எளிதாக எண்ணார். ஆயினும் கணினி புதிதாக ஒன்றையும் அறிவதில்லை. பேரேட்டில் உள்ளதை எடுத்துக் கட்டத்தில் வைக்கிறது; அவ்வளவே. பேரேட்டுப் பிழை, அச்செழுத்தில் வரும்போது உண்மைபோல் தோற்றமளிக்கும் என்பதே இதிலுள்ள அபாயம்.

ஓர் உதாரணம் கூறுவோம். பழைய பேரேட்டில் நிலம் 40 சென்ட் என்றிருக்கிறது. பட்டாவிலோ அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் உள்ளது. 40 சென்ட் என்பது ஏறத்தாழ 16.19 ஏர். மாற்றிக் கணக்கிடாமல் 40 என்னும் எண்ணை ஏர் கட்டத்தில் வைத்துவிட்டால், நிலம் ஏறக்குறைய 99 சென்டாக வளர்ந்துவிடும்! பயிர்க்கடன் விஸ்தீரணத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், தகுதிக்கு மீறிய கடனுக்கு அங்கத்தினர் பொறுப்பாளியாவார். பயிர்க் காப்பீட்டிலும் வழக்கு எழும். நம் மாவட்டத்தில் பெயர்களிலும் கவனம் தேவை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்துடன் இணையுமுன் திருவிதாங்கூர் ஆட்சியில் எழுதப்பட்ட ஆவணங்களில் மலையாளத்தில் உள்ளவையும் உண்டு. பாட்டனார் பெயர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் பட்டாவில் வேறுவிதமாகவும் இருப்பின், எதை நிரப்புவது என்பதைக் கணினி தீர்மானிக்க விடலாகாது.

மாறாதவற்றை நிரப்பலாம், மாறுவனவற்றை வெற்றிடமாக விட்டுக் கேட்டறிய வேண்டும் என்பது என் கருத்து. இப்பருவத்தில் எவ்வளவு நிலத்தில் நடவு, நெல்லா வாழையா, வேறிடத்துக் கடன் எவ்வளவு, நியமனதாரர் யார் என்பன இரண்டாம் வகை. காலஞ்சென்ற தாயாரின் பெயரே நியமனதாரர் கட்டத்தில் பருவந்தோறும் அச்சாகி வருமானால், பின்னர் அல்லலுறுவது குடும்பமே. நெசவாளர் சங்கத்திலும் இவ்வாறே. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பையொட்டி வழங்கிய அடையாள அட்டை எண்ணை நிரப்பித் தருவதில் குற்றமில்லை. வடசேரித் தறியொன்று இன்று ஓடுகிறதா என்பதை நெசவாளரிடமே கேட்க வேண்டும்.

கையெழுத்தான மனு, பேரேட்டினின்று பிரிந்து தனியே நிற்பதும் அவசியம். அடுத்த ஆண்டு நிலத்தில் பாதியை விற்றதாகப் பேரேட்டைத் திருத்தினால், பழைய மனுவைத் திறக்கும்போது புதிய அளவு தோன்றக் கூடாது. கையெழுத்திட்ட நாளில் இருந்தது எதுவோ, அதுவே அதில் இருக்க வேண்டும்.

அங்கத்தினர் பிழை கண்டால் மனுவில் மட்டும் பேனாவால் திருத்துவது போதாது. அடுத்த பருவத்தில் அதே பிழை மீண்டும் அச்சாகும். பட்டா நகலைக் காட்டி முதலில் பேரேட்டைத் திருத்தச் செய்து, மறு அச்சுப் பெற்று, அதைப் படித்தோ படிக்கக் கேட்டோ பின் கையெழுத்திடுக.