வண்டி போகும் வழியும் மனிதனின் அந்தரங்கமும்

போர்டிக்சனிலிருந்து லுக்குட், லிங்கி, சிலியாவ் பக்கங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வேன்களிலும் லாரிகளிலும் ஜி.பி.எஸ். கருவி பொருத்துவது இன்று வழக்கமாகி வருகிறது. துணைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு வண்டி நிற்கும் இடத்தைக் கணித்து அனுப்பும் கருவி அது. 2025 ஜூன் 9இல் கெரிக் அருகே பஸ் விபத்தில் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்ட பின்னர், வாகனங்களைக் கண்காணிப்பது வேண்டாமென்பார் சிலரே.

ஆயினும் வண்டி போன வழி, அதை ஓட்டிய மனிதன் போன வழியுமன்றோ? அவன் எந்த வைத்தியரிடம் போனான், யார் வீட்டு வாசலில் நின்றான் என்பதெல்லாம் அதில் தெரியும். அக்குறிப்பைப் பார்க்க யாருக்கு உரிமை?

அமெரிக்காவில் ஜோன்ஸ் என்பவரின் ஜீப்பில் போலீசார் இக்கருவியை வைத்து 28 நாட்கள் பின்தொடர்ந்தனர். அவர்கள் பெற்ற வாரண்டின் 10 நாள் கெடு முடிந்த மறுநாளே கருவி வைக்கப்பட்டது. இதுவும் அரசியல் சட்டம் கூறும் சோதனையே என்று 2012 ஜனவரி 23இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 9 பேரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்.

நமது நாட்டில் நிலை யாது? அரசியல் சட்டத்தின் 5ஆவது விதி கூறும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்குமென்று, சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. 2010இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் அமலுக்கு வந்தது. ஆனால் அதன் 3ஆவது பிரிவின்படி, கூட்டரசு அரசாங்கமும் மாநில அரசாங்கங்களும் அச்சட்டத்திற்கு உட்பட்டவையல்ல. வர்த்தகரையோ அது கட்டுப்படுத்தும். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அதன் கோட்பாடுகளை மீறுவோருக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

ஆகவே வர்த்தக அன்பர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. கருவி எதற்கென்று ஓட்டுநருக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்து மூலம் அறிவியுங்கள். தமிழிலும் விளக்கிச் சொல்லுங்கள்.

2. வேலை நேரம் முடிந்தபின் அவர் எங்கே போகிறாரென்று பார்க்காதீர்கள். தேவை தீர்ந்த குறிப்பை அழித்துவிடுங்கள்.

3. அதிகாரி எவரேனும் குறிப்பைக் கேட்டால், எந்தச் சட்டப்படி என்று பணிவுடன் வினவுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, விசாரணை நடத்தும் போலீஸ் அதிகாரி எழுத்து மூலமான உத்தரவால் தஸ்தாவேஜுகளைக் கேட்க இடந்தருகிறது. அந்த உத்தரவைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.

வண்டி முதலாளியுடையது, ஓட்டுநரின் போக்குவரத்துக் குறிப்போ அவரிடமுள்ள அமானிதம். அரசாங்கத்தையும் அதே அளவுக்குச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டுமென்று கேட்க, அமானிதம் பேணுவோருக்கே வாய் உண்டு.