அங்க அடையாளமும் ஆபத்தின் அடையாளமும்

மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் இரண்டு எழுத வேண்டும். "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று எத்தனை பிள்ளைகளுக்கு எழுதியிருப்போம்! சென்ற ஆண்டு அப்படி எழுதும்போது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "உள்ளங்கால்லயும் ஒண்ணு இருக்கு டீச்சர். எங்க அப்பத்தாவுக்கும் இருக்கு. அது புண்ணாயிருச்சு, கருவேல முள்ளு குத்துனதுன்னு சொல்றாக" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருடமாம்.

இருவரையும் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மருத்துவர் காட்டியது நம் அறிவியல் பாடத்தின் நேரடிப் பயன்பாடு.

கருவி

டெர்மோஸ்கோப் என்பது விளக்குடன் கூடிய உருப்பெருக்கி. பொதுவாக 10 மடங்கு பெரிதாக்கும். தோலின் மேற்பரப்பு ஒளியை எதிரொளிப்பதால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிவதில்லை. தோலில் எண்ணெய் அல்லது ஜெல் தடவினாலும், தளவிளைவுற்ற ஒளியைப் பயன்படுத்தினாலும் அந்தப் பளபளப்பு மறைந்து, உள்ளே நிறமி படிந்திருக்கும் விதம் தெரியும்.

மேடும் பள்ளமும்

உள்ளங்கை, உள்ளங்கால் தோலில் ரேகை மேடுகளும் பள்ளங்களும் அடுத்தடுத்து ஓடுகின்றன. சாதாரண மச்சத்தில் நிறமி பெரும்பாலும் பள்ளத்தில் கோடாகப் படியும், உழுத சாலில் மழைநீர் நிற்பது போல. மெலனோமா என்னும் புற்றுநோயில் அது மேட்டில் பட்டையாகப் படியும். ஜப்பானிய மருத்துவர் தோஷியாகி சைதாவும் அவருடன் ஆய்ந்தவர்களும் இவ்வேறுபாட்டை நிறுவினர். மேடு எது என்று அறிய வழி உண்டு: வியர்வைத் துளைகள் மேட்டில்தான் வரிசையாகத் திறக்கும்.

மாணவனுக்குக் கோடுகள் பள்ளத்தில் இருந்தன. அப்பத்தாவுக்கு மேட்டில். திசுப் பரிசோதனை அதை உறுதி செய்தது. அறுவை சிகிச்சை நடந்தது.

கருநிறத் தோலில் மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருவதால் காயம் என்றே நினைத்துவிடுகிறோம். பாடகர் பாப் மார்லியின் கால்விரலில் வந்ததும் கால்பந்துக் காயம் என்றே முதலில் கருதப்பட்டது. அவர் 1981-இல் 36 வயதில் இறந்தார்.

வகுப்பறைச் செயல்பாடு

மை அட்டையில் பெருவிரலைத் தொட்டுத் தாளில் பதிக்கச் செய்யுங்கள். மை பட்டது மேடு, வெண்கோடு பள்ளம். பிறகு விரலைக் குவிலென்சால் பார்த்து வியர்வைத் துளைகளைத் தேடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் இதைச் செய்தபோது ஒளி, தோல், நலம் மூன்றும் ஒரே பாடவேளையில் அடங்கின.

ஆசிரியர் கவனத்திற்கு

• இரு பாதியும் ஒவ்வாமை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறங்கள், 6 மி.மீ.க்கு மேற்பட்ட அளவு, தொடர்ந்த மாற்றம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.
• ஆறாத புண், இரத்தக் கசிவு, நகத்தடியில் அகலமாகி வரும் கருங்கோடு ஆகியவையும் அவ்வாறே.
• முதியோர் முகத்தில் ஒட்டவைத்தது போல் தோன்றும் கரும்பருக்களும் கழுத்து மருக்களும் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனாலும் முடி கட்டுவதும் சுண்ணாம்பு வைப்பதும் அமிலம் தடவுவதும் கூடாது. புண்ணாகும், உண்மை நோயும் மறைந்துபோகும்.
• நோய் இன்னதென்று சொல்வது நம் வேலையன்று. அனுப்பிவைப்பது நம் வேலை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம்.

இப்போது அங்க அடையாளம் எழுதும்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறேன்: "இது முன்பு இருந்ததைவிட மாறியிருக்கிறதா? வீட்டில் யாருக்காவது ஆறாத புண் இருக்கிறதா?" நீங்களும் கேளுங்கள்.