எந்தக் கதவைத் தட்டுவது?

மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் கூட்டமொன்றில் ஒரு தாய் எழுந்து, "நாலு ஆபீசுக்கு மனு கொடுத்தாச்சு சாமி. ஒவ்வொருத்தரும் அடுத்த ஆபீசைக் கையைக் காட்டுறாங்க" என்றார். அவர் கேட்டது, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத் தோட்டத்தினூடாக ஒரு துண்டுப் பாதை. கேட்டதில் பிழையில்லை. அந்தப் பாதைக்குப் பொறுப்பானவர் யார் என்பதைத்தான் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை இப்பாடத்தில் கற்போம்.

மூன்று பைகள்

அரசாங்கப் பணம் ஒரே பையில் இல்லை.

முதலாவது பை மத்திய அரசினுடையது. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், பதுளைக் கச்சேரியிலுள்ள மாவட்டச் செயலாளர் ஆகியோர் அதன் கைகள். அனர்த்த நிவாரணம், அரச காணி, தோட்ட வீடமைப்பு ஆகியவை பெரும்பாலும் இவ்வழியே வரும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. 2016இல் மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இரண்டு வருடக் காத்திருப்பு அது. 2025 நவம்பரில் டித்வா புயலினால் வீடிழந்தவர்களும் முதலில் தட்ட வேண்டியது இக்கதவையே.

இரண்டாவது பை ஊவா மாகாண சபையினுடையது. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தினால் உண்டான இச்சபை, பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களுக்கும் உரியது. மாகாணப் பாடசாலைகள், மாகாண வீதிகள், கிராமிய வைத்தியசாலைகள், விவசாய, கால்நடைச் சேவைகள் இதன் பொறுப்பு. சொந்த வருமானம் குறைவு. பெரும்பகுதி கொழும்பிலிருந்தே வருகிறது. எவ்வளவு கொடுப்பது என்பதை ஐந்து பேர் கொண்ட நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்கிறது. இப்பணத்தில் சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்கான கொடை வேறு, அபிவிருத்தி வேலைகளுக்கான கொடை வேறு. "மாகாணத்துக்குக் கோடிக்கணக்கில் பணம் வந்ததாமே" என்று யாராவது சொன்னால், "அதில் வேலைகளுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 2014இல் தெரிவான சபையின் காலம் 2019இல் முடிந்த பின்னரும், ஆளுநரின் கீழ் திணைக்களங்கள் இயங்கி வந்தன. மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்தான் இல்லாது போனார்.

மூன்றாவது பை பிரதேச சபையினுடையது. பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் பலர் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். செயலகம் அரச உத்தியோகத்தருடையது. சபை நீங்கள் வாக்களித்துத் தெரிவு செய்வது. சிறு பாதைகள், மின்விளக்கு, குப்பை, பொதுக் கிணறு, மயானம் ஆகியவை சபையின் வேலை.

முப்பத்தொரு வருடம்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு கிராமங்களையே கருத்திற்கொண்டிருந்தது. ஆகையால் தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிட முடியாதென்றே அதிகாரிகள் விளங்கிக்கொண்டனர். தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கச் சபைக்கு அதிகாரம் இருந்தது. தோட்ட மக்களின் வாக்கும் சபைக்குப் போனது. பாதை மட்டும் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. எனவே, "தோட்டத்துக்குள் எங்களுக்கு அதிகாரமில்லை" என்ற பழைய பதிலை இன்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தாயின் பாதைக்குரிய கதவு பிரதேச சபையே.

செய்ய வேண்டியவை

1. காலத்தை அறியுங்கள். அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டின் திட்டம் இவ்வாண்டிலேயே தயாராகும். ஜனவரியில் கொடுக்கும் மனு, பந்தி முடிந்தபின் இலை போடுவதைப் போன்றது.

2. ஒரு மனுவில் ஒரு வேலையை மட்டும் கேளுங்கள். பாதையின் நீளம், பயன்பெறும் குடும்பங்களின் தொகை ஆகியவற்றை எழுதுங்கள்.

3. பாதை தோட்டக் காணியில் இருந்தால், தோட்ட நிருவாகத்தின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள். புதிய குடியிருப்பென்றால், இடம் பாதுகாப்பானது என்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை அவசியம்.

4. மனுவின் பிரதியில் திகதியும் முத்திரையும் பெறுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

இவற்றை ஒருவர் தனித்துச் செய்வது கடினம். மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் ஒன்றாக அமர்ந்து எழுதும் கடிதத்திற்குப் பலம் அதிகம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குடியிருப்பின் மூன்று அவசரத் தேவைகள் எவை? ஒவ்வொன்றும் எந்தப் பையைச் சேர்ந்தது?

2. சென்ற வருடம் நாம் கொடுத்த மனுக்களின் பிரதிகள் யாரிடம் இருக்கின்றன?

3. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எந்த ஒரு வேலையைச் சேர்க்கப் போகிறோம்? யார், எப்போது போவது?