கரியும் வாயுவும் எரியும் அடுப்பைச் சீரமைப்பவருக்கு

பழைய அமெரிக்கச் சமையலடுப்புகளைச் சீரமைக்கும் தொழிலில் அடியெடுத்து வைத்திருக்கும் இளம் கைவினைஞருக்கு,

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க வீடுகளில் இடம்பிடித்த கூட்டு அடுப்பு, அதாவது நிலக்கரியோ விறகோ எரியும் எரியறையும் எரிவாயு பர்னர்களும் ஒரே வார்ப்பிரும்பு உடலில் அமைந்த அடுப்பு, குளிர்காலத்தில் சமையலோடு அறையையும் சூடாக்கவும் கோடையில் வெக்கையின்றிச் சமைக்கவும் உருவானது. மாசசூசெட்ஸின் டான்டன் நகரில் வார்க்கப்பட்ட கிளென்வுட் அடுப்புகள் இவ்வகையில் பெயர்பெற்றவை. தொழிலுக்குப் புதியவர் இதை ஒரே அடுப்பாகப் பார்க்கிறார்; உண்மையில் கரிப்பக்கம் காற்றைத் தன் கதவின் வழியே மட்டும் அளந்து வாங்க வேண்டியது, வாயுப்பக்கமோ அறைக்காற்றைத் தடையின்றி இழுக்க வேண்டியது என்பதால் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

கரிப்பக்கத்தில் புகை செல்லும் வழியே எல்லாம். டாம்பர் எனப்படும் திருப்புத் தகடு திறந்திருக்கையில் புகை நேரே புகைபோக்கிக்குள் போய்விடும். மூடினால் ஓவனின் மேற்புறம் பரவி, பக்கவாட்டில் இறங்கி, அடிப்புறம் சுற்றிய பிறகே வெளியேறும். ஆகவே ஓவன் சூடேறவில்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் அடிப்புறத்தில் சேர்ந்த கரித்தூளாகவோ, இணைப்புகளில் உதிர்ந்துபோன அடுப்புச் சாந்தாகவோ இருக்கும். அறையை இருட்டாக்கி, ஆறிய அடுப்பினுள் எரியும் மின்விளக்கை வைத்தால், சாந்து விட்டுப்போன இடமெல்லாம் ஒளிக்கீற்றாகத் தெரியும். எரியறையை ஒட்டி நீர் சூடாக்கும் பெட்டி இருந்தால் அதன் குழாய்வாய்களை ஒருபோதும் அடைக்கக் கூடாது. உள்ளே தங்கிய சிறிதளவு நீரும் நீராவியாகி வெளியேற வழியின்றி வார்ப்பிரும்பையே வெடிக்கச் செய்யும். கல்நார் காப்பு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலும் அதைக் கையால் தொடாமல் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுவதே முறை.

வாயுப்பக்கத்தின் சிக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை. அக்காலத்தில் பல நகரங்களில் வழங்கப்பட்டது நிலக்கரியிலிருந்து எடுத்த நகரவாயு; ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 500 பி.டி.யு. வெப்பமே தரும் அதற்கு (ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்கும் வெப்பமே ஒரு பி.டி.யு.) ஜெட்டின், அதாவது வாயு பீறிடும் முனையின், துளை பெரிதாக இருந்தது. இயற்கைவாயு ஏறத்தாழ 1,000, புரோப்பேன் ஏறத்தாழ 2,500 என்பதால் பழைய ஜெட்டை அப்படியே விட்டால் சுடர் மஞ்சளாகிக் கரிபிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் பெருகும். கூம்பு வால்வுகளை நுண்பொடியால் தேய்த்துப் பொருத்தி, உரிய கிரீஸ் தடவி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புநீர் பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது கட்டாயம். இந்த அடுப்புகள் பலவற்றில் சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் அமைப்பு கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கைவாயு கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்ட பிறகே வாயுவுக்கு மணமூட்டும் சட்டங்கள் பரவின என்பதை நினைத்தால், ஓவனுக்குப் பாதுகாப்பு வால்வு பொருத்துவது பழமைக்குச் செய்யும் துரோகம் என்று சேகரிப்பாளர்கள் முணுமுணுப்பதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மறைவாகப் பொருத்தினால் அவர்களில் பாதிப்பேர் கவனிக்கவும் மாட்டார்கள்.

நிக்கல் முலாமும் எனாமல் பளபளப்பும் இவற்றுக்குப் பின் வரும் வேலைகள். வாடிக்கையாளரின் புகைபோக்கி உகந்ததல்ல எனில் கரிப்பக்கத்தை வெட்டியெறிந்து அலமாரியாக்க உடன்படாமல், புகைவழியை மட்டும் மூடி, எரியறைக் கம்பித்தட்டையும் அதன் கைப்பிடியையும் எண்ணெய் பூசிச் சாம்பல் தட்டிலேயே வைத்துக்கொடுப்பது நல்லது. அடுத்து வாங்குபவர் வீட்டில் நல்ல புகைபோக்கி இருக்கக்கூடும்.