நோன்புடையார்க்கும் நோயுடையார்க்கும் ஏற்ற புரதப் பிஸ்கட்

இல்லறத்தார்க்குரிய ஒழுக்கங்களில் உணவொழுக்கம் முதலிடம் பெறுவதை நம் சமயத்தார் அனைவரும் அறிவர். ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல், இரவில் உண்ணாமை, கிழங்கு வகைகளைத் தவிர்த்தல் ஆகியவை நம் இல்லங்களில் வழிவழியாகப் போற்றப்பட்டு வருகின்றன. வயது முதிரும்போது இவற்றோடு மருத்துவர் விதிக்கும் கட்டுப்பாடுகளும் வந்து சேருகின்றன. ஒருவர் சர்க்கரையைக் குறைக்க வேண்டும்; மற்றொருவர்க்குக் கோதுமை ஒவ்வாது; வேறொருவர்க்குப் பால் செரிக்காது; பல் தளர்ந்தவர்க்குக் கடினமான பண்டம் எதுவும் ஆகாது.

இவ்வாறு விரதம் ஒருபுறமும் நோய் மறுபுறமும் உணவைச் சுருக்கும்போது, முதியோர் பலர் கதிரவன் மறையும் முன் சிறிது கஞ்சி பருகி அன்றைய உணவை முடித்துக்கொள்கின்றனர். வயிறு நிரம்பினும் உடலுக்கு வேண்டிய புரதம் கிடைப்பதில்லை. அதனால் தசை மெலியும், நடை தளரும், கோயிலுக்குச் செல்வதும் அமர்ந்து சுவாத்தியாயம் செய்வதும் கடினமாகும். விரதத்தைத் தளர்த்தாமல் இக்குறையை ஓரளவு நீக்கும் எளிய வழி ஒன்றை இப்பாடத்தில் காண்போம்.

உடலைப் பேணுதலும் ஒழுக்கமே

ஆசாரிய சமந்தபத்திரர் பஸ்மகம் என்னும் தணியாப் பசி நோயால் வருந்திச் சல்லேகனைக்கு அனுமதி வேண்டியபோது, அவருடைய குரு அதனை மறுத்து, முதலில் நோயைத் தீர்த்துக்கொள்ளுமாறு பணித்தார் என்று மரபு வரலாறு கூறுகிறது. அவ்வாறு நலம் பெற்று மீண்டும் துறவு பூண்ட அப்பெரியாரே, நாம் போற்றும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தை இயற்றியவர். தமிழில் அருங்கலச்செப்பு அந்நூலை அடியொற்றி எழுந்தது. உடலை வருத்துவது மட்டுமே தவம் என எண்ணி, நலிந்த முதியோரின் உணவில் அக்கறை கொள்ளாதிருத்தல் நம் மரபுக்கு உடன்பாடன்று என்பதை இவ்வரலாற்றால் உணரலாம்.

எவ்வளவு புரதம் வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 46 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம்.

நம் சமையலறைப் பொருள்களில் 100 கிராமுக்கு உள்ள புரதம் தோராயமாக வருமாறு: அரிசி 7 முதல் 8 கிராம், கேழ்வரகு 7 கிராம், மைதா 10 கிராம், கம்பு 11 கிராம், எள் 18 கிராம், பொட்டுக்கடலை 22 கிராம், பாசிப்பருப்பு 24 கிராம், வேர்க்கடலை 25 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பொடி 36 கிராம்.

புரதத்தின் அளவோடு அதன் தன்மையையும் நோக்குதல் வேண்டும். புரதம் அமினோ அமிலங்கள் பல சேர்ந்தமைந்தது. தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்புகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல், அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி ஆகியவற்றில் நம் முன்னோர் கண்ட பொருத்தம் இதுவே. பிஸ்கட்டிலும் இதனையே பின்பற்றலாம்.

முட்டை இன்றியமையாததா?

பேக்கரிப் பண்டங்களில் முட்டை மாவைப் பிணைக்கவும், காற்றை ஏந்திப் பண்டத்தை உப்பச் செய்யவும், ஈரத்தைக் காக்கவும் பயன்படுகிறது. மென்மையாக எழும்ப வேண்டிய கேக்குக்கு இவை தேவைப்படலாம். நொறுங்கும் தன்மையுள்ள பிஸ்கட்டுக்கு இவற்றுள் எதுவும் இன்றியமையாததன்று. நெய்யும் சர்க்கரையும் நன்றாகக் குழைந்தால் போதும். சிறிதளவு சோடா உப்பு பண்டத்தை இலேசாக்கும். குஜராத்தில் பெயர் பெற்ற நான்கட்டாய் முட்டையின்றியே செய்யப்படுவது.

அப்பண்டத்தில் நமக்குப் பொருத்தமான மற்றொரு சிறப்பும் உண்டு. அதன் மாவை நெய்யினாலேயே பிசைகின்றனர், நீர் சேர்ப்பதில்லை. வடநாட்டுத் திகம்பர சிராவகரிடையே மாவைப் பயன்படுத்த மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்னும் வரையறை வழங்குகிறது. நீர் சேர்ந்த பண்டத்திற்குக் காலம் இன்னும் குறுகும். எனவே வீட்டிலேயே புதிதாக அரைத்த மாவும் நீரில்லாச் செய்முறையும் விரதமுடையார்க்கு மிக ஏற்றவை.

பச்சைக் குறியும் தேனும்

கடையில் விற்கும் புரதப் பிஸ்கட்டை வாங்கினால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். பொட்டலத்தில் பச்சைக் குறி இருந்தால் ஐயமில்லை என்பதே பலரின் எண்ணம். உணவுப் பொட்டலக் குறிப்புகள் பற்றிய 2020ஆம் ஆண்டின் விதிகள், விலங்கு, பறவை, மீன், முட்டை ஆகியவற்றிலிருந்து பெறப்படுவனவற்றை அசைவம் என்கின்றன. ஆயினும் பால், தேன், தேன்மெழுகு, அரக்கு முதலியவற்றுக்கு அவ்விதிகளே விலக்களித்துள்ளன. ஆகவே தேன் சேர்ந்த பண்டமும் பச்சைக் குறியோடு வரக்கூடும். சட்டத்தின் கண்ணில் அது சைவம். நம் விரதத்தின்படி விலக்கத்தக்கது. சேர்பொருள் பட்டியலில் தேன் என்னும் சொல்லையும், தேன்மெழுகைக் குறிக்கும் 901, அரக்கைக் குறிக்கும் 904 ஆகிய எண்களையும் தேடிப் பார்த்தல் நலம்.

புரதம் கூட்டிய பண்டங்கள் பலவற்றில் வே புரதம் சேர்க்கப்படுகிறது. இது பாலடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படுவது. பாலைத் திரிப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. தாவர, நுண்ணுயிர் வழிப் பொருள்களைப் பயன்படுத்துவோரும் உளர். எது பயன்பட்டது என்பதை வாங்குவோர் அறிதல் அரிது. வீட்டுப் பொட்டுக்கடலையில் இவ்வையங்களுக்கு இடமில்லை.

வேண்டிய பொருள்கள் (25 பிஸ்கட்டுகளுக்கு)

பொட்டுக்கடலை மாவு 100 கிராம்
கேழ்வரகு மாவு 75 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பொடி 25 கிராம்
வறுத்த எள் 15 கிராம்
நெய் 110 கிராம்
பொடித்த சர்க்கரை 80 கிராம்
ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி
சோடா உப்பு கால் தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

வேர்க்கடலை மண்ணுக்குள் விளைவதால் அதனைக் கிழங்கெனக் கருதி ஐயுறுவோர் உளர். அது செடியின் விதையே ஆகும். ஆயினும் தவிர்க்க விரும்புவோர் பாதாம் பருப்பைப் பயன்படுத்தலாம்.

செய்முறை

1. எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் செய்க. கேழ்வரகையும் பருப்புகளையும் அரைக்குமுன் பரப்பி வைத்துப் பூச்சி இல்லாமை கண்டு புடைத்தெடுக்க. அரைத்த மாவைச் சலித்துக்கொள்க.

2. கேழ்வரகு மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை சிறுதீயில் வறுத்து ஆறவிடுக. பொட்டுக்கடலை முன்பே வறுபட்டதாதலால் மீண்டும் வறுக்க வேண்டா. வேர்க்கடலையை விட்டுவிட்டு அரைத்துக் கரகரப்பாகப் பொடிக்க. தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கக்கிக் களிபோலாகும்.

3. உறைந்த பதத்திலுள்ள நெய்யையும் சர்க்கரைப் பொடியையும் சேர்த்து, வெண்மையாகும்வரை 5 நிமிடம் குழைக்க. முட்டையின்றிப் பிஸ்கட் இலேசாக அமைவது பெரும்பாலும் இதனைப் பொறுத்தது.

4. மற்ற பொருள்கள் அனைத்தையும் ஒன்றாகக் கலந்து, குழைத்த நெய்யில் இட்டு மெல்லத் திரட்டுக. உருண்டை பிடிக்க வாராது உதிர்ந்தால் மேலும் ஒரு தேக்கரண்டி நெய் சேர்க்கலாம்.

5. கலவையை 25 உருண்டைகளாக்கி, சிறிது தட்டையாக அழுத்தி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்குக. முன்னரே சூடேற்றிய அடுப்பில் 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 18 முதல் 20 நிமிடம் சுடுக.

6. மின்னடுப்பு இல்லாதோர், கனமான பாத்திரத்தில் விரல் கனம் உப்பைப் பரப்பி, அதன்மேல் முக்காலி வைத்து, மூடி 10 நிமிடம் சூடேற்றுக. பின்னர்த் தட்டை முக்காலியின்மேல் வைத்து மூடிச் சிறுதீயில் ஏறத்தாழ 25 நிமிடம் சுடுக.

7. எடுத்தவுடன் தொட்டால் உடையும். தட்டிலேயே முழுவதும் ஆறவிட்டு, ஈரமற்ற பாத்திரத்தில் இட்டு மூடுக.

நிறம் கருகும்வரை சுடுதல் கூடாது. சர்க்கரையும் புரதமும் மிகுந்த வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறம் பெறும்போது, உடலுக்குப் பயன்படக்கூடிய லைசின் குறைகிறது. கேழ்வரகின் நிறம் இயல்பாகவே பழுப்பாதலால் மேற்புறத்தை மட்டும் நோக்கினால் பதம் தெரியாது. ஓரம் இறுகி, நல்ல மணம் எழுந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

அவரவர்க்கேற்ற மாற்றங்கள்

சர்க்கரை நோயுடையார்க்கு: சர்க்கரையை 40 கிராமாகக் குறைத்து, பொட்டுக்கடலை மாவை 25 கிராம் கூட்டுக. வெல்லம், கருப்பட்டி, பேரீச்சம்பழம் ஆகியனவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவனவே. அவற்றால் தீங்கில்லை எனக் கருதி அளவின்றிச் சேர்த்தல் தவறு.

கோதுமை ஆகாதவர்க்கு: இச்செய்முறையில் கோதுமையோ மைதாவோ இல்லை. எனினும் சீலியாக் நோயுடையார்க்குக் கோதுமையின் சிறு துகளும் தீங்கு செய்யும். கோதுமை அரைக்கும் பொது இயந்திரத்தில் கேழ்வரகை அரைக்காமல், வீட்டிலேயே அரைத்து, தனிச் சல்லடையைப் பயன்படுத்த வேண்டும்.

பால் ஆகாதவர்க்கு: பால் பொடிக்கு ஈடாகப் பொட்டுக்கடலை மாவும், நெய்க்கு ஈடாக 100 கிராம் தேங்காய் எண்ணெயும் சேர்க்கலாம். பருப்போடு பச்சைப் பால், தயிர், மோர் சேர்வதைத் துவிதளம் என விலக்குவோரும் பால் பொடியின்றிச் செய்துகொள்ளலாம்; தயிரோடும் மோரோடும் இதனை உண்ண வேண்டா.

வேர்க்கடலை ஒவ்வாதவர்க்கு: மருத்துவரைக் கேட்ட பின்னரே இதனைத் தருக. அவர் இசைந்தால், வேர்க்கடலைக்கு ஈடாகப் பொட்டுக்கடலையும் எள்ளும் சேர்த்துத் தனிப் பாத்திரத்தில் செய்க.

சிறுநீரக நோயுடையார்க்கு: புரதத்தின் அளவை மருத்துவர் குறைத்திருக்கக்கூடும். அவர் இசைவின்றி அன்பின் மிகுதியாலும் இதனைத் தருதல் கூடாது.

கணக்கும் எச்சரிக்கையும்

மேற்கூறிய அளவில் மொத்தப் புரதம் ஏறத்தாழ 50 கிராம். ஒரு பிஸ்கட்டுக்கு 2 கிராம். இதே எடை மாவுக்கு மைதாவை மட்டும் பயன்படுத்தினால் ஒன்றுக்கு 1 கிராம் அளவே கிடைக்கும். ஆயினும் நெய்யும் சர்க்கரையும் சேர்வதால் ஒவ்வொரு பிஸ்கட்டும் 95 கலோரி அளவு ஆற்றல் தரும். ஆகவே புரதம் மிகுதி என்று கருதி எட்டும் பத்தும் உண்பது நன்றன்று. கதிரவன் மறையும் முன் 2 பிஸ்கட்டுகளும் காய்ச்சிய பால் ஒரு குவளையும் கொண்டால் 10 கிராம் புரதம் கிடைக்கும். எஞ்சிய தேவையைப் பகலுணவில் பருப்பு, சுண்டல், பயறு ஆகியவற்றால் நிறைவு செய்க. பல் தளர்ந்தவர்க்குப் பிஸ்கட்டைச் சூடான பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. தானியத்தையும் பருப்பையும் சேர்த்து உண்பதால் விளையும் நன்மை யாது?
2. பச்சைக் குறியுள்ள பண்டத்திலும் தேன் இருக்கக்கூடுவது எவ்வாறு?
3. உங்கள் இல்லத்து முதியோர் ஒருவரின் நேற்றைய உணவை எழுதி, அதில் அடங்கிய புரதத்தைக் கணக்கிடுக. அவருடைய தேவையோடு அதனை ஒப்பிடுக.

மூன்றாம் வினாவைச் சிறுவர்களிடம் ஒப்படைத்தல் நலம். பாட்டனாரும் பாட்டியாரும் உண்பது எவ்வளவு சிறிது என்பதை அவர்கள் தம் கையால் எழுதி அறிவார்கள்.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் பெரியோர் வகுத்தனர். ஒருவருடைய விரதத்தையும் நோயையும் கேட்டறிந்து அதற்கேற்பச் செய்து கொடுக்கும் பண்டத்தில், உணவுதானமும் மருந்துதானமும் ஒருங்கே அமைகின்றன. தசலட்சண பர்வ நாள்களில் ஏகாசனம் இருக்கும் அன்பர்களுக்கும், விடுதியில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இதனைச் செய்து கொடுக்கலாம். கொடுக்கும்போது, சேர்ந்துள்ள பொருள்களையும் செய்த நாளையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பாத்திரத்தோடு வைக்க மறவாதீர்கள். உண்பவர் ஐயமின்றி உண்பதற்கு அது துணை செய்யும்.