வன்தட்டு நின்ற நாள்

மாணவர்களே, உங்கள் வீட்டுக் கணினியில் உள்ளவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பள்ளிச் செயல்திட்டங்கள், விளையாட்டுகள், திரைப்படங்கள் ஆகியவற்றோடு, கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது எடுத்த திருவிழாப் படங்களும் தாத்தா பாட்டியின் குரலும் அதில் இருக்கக்கூடும். விளையாட்டை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

நான் நாக்பூரில் பணியாற்றிய காலத்தில், ஒரு மே மாதத்து இரவு, என் கணினியிலிருந்து ‘டக், டக்’ என்னும் ஒலி எழுந்தது. வெயிற்காலத்து வெப்பத்தால் விசிறி முனகுகிறது என்றெண்ணி வாளாவிருந்தேன். மறுநாள் காலையில் கணினி இயங்கவில்லை. வட்டு காணப்படவில்லை என்னும் ஆங்கிலச் செய்தி மட்டும் கருந்திரையில் நின்றது.

வன்தட்டு என்பது பெயருக்கேற்பத் தட்டுதான். காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். அவற்றைத் தொடாமல், மயிரிழையினும் மிகக் குறுகிய இடைவெளியில் நகர்ந்து, ஒரு முனை தரவுகளை எழுதும், படிக்கும். அம்முனை பழுதுற்றுத் தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்பும்போது எழுந்த ஒலியைத்தான் நான் கேட்டேன். அவ்வொலி கேட்டவுடன் கணினியை அணைத்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கினால் முனை தகட்டைக் கீறி, மீட்கக்கூடியதையும் அழித்துவிடும். நான் அறியாமல் ஏழெட்டு முறை இயக்கிப் பார்த்தேன். இப்போது பரவிவரும் எஸ்.எஸ்.டி. வகை வட்டில் சுழலும் உறுப்பு ஏதுமில்லை. ஆதலால் அது ஒலியெழுப்பி எச்சரிப்பதும் இல்லை, சொல்லாமலே நின்றுவிடும்.

நான் பெரிதும் கலங்கவில்லை. என்னிடம் காப்புநகல் இருந்தது. நீங்கள் ‘பேக்கப்’ என்று வழங்குவதையே தமிழில் காப்புநகல் என்கிறோம். மாதந்தோறும் முதல் ஞாயிறன்று ஒரு வெளிவன்தட்டில் நகலெடுத்து அலமாரியில் வைத்திருந்தேன். புதிய வட்டு வாங்கிப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை நிறுவி, மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். பின்னர் கோப்புகளைத் திரும்பப் படியெடுத்தேன். நொடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் 200 கிகாபைட் ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் இருமுறை தேநீர் அருந்தினேன்.

முதுகலை பயின்றபோது என் ஆச்சியிடம் கேட்டுத் தட்டச்சு செய்த தாலாட்டுகள் ஒரு கோப்பில் இருந்தன. முதலில் அதைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை! ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து, பொருளற்ற வரிகளாகக் கிடந்தன.

கோப்பில் ஓர் எழுத்தும் குறையவில்லை. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை. அதுவும் உருவாக்கியவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி. எந்த எழுத்துருவில் எழுதினோமோ அது இருந்தால்தான் படிக்க இயலும். இன்று வழங்கும் ஒருங்குறியில் இத்தொல்லை இல்லை. ‘க’ என்னும் எழுத்தின் எண் 2965 என்றால், எந்நாட்டுக் கணினியிலும் அதுவே. தமிழக அரசு 2010 ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. என் கோப்போ அதற்கு முற்பட்டது. அதற்குரிய எழுத்துருவை நான் நகலெடுத்திருக்கவில்லை. அது பழைய வட்டோடு போயிற்று. உடன்பயின்ற நண்பர் ஒருவர் தம் பழைய குறுவட்டில் தேடிக் கண்டுபிடித்து அனுப்பிய பின்னரே ஆச்சியின் தாலாட்டு மீண்டும் தமிழாயிற்று. அன்றே அதனை ஒருங்குறிக்கு மாற்றினேன்.

ஆனால் ஆச்சியின் குரல் திரும்பவில்லை. அவர் மறைவதற்கு முன்னாண்டு கைப்பேசியில் பதிவுசெய்த நாற்பது நிமிடங்கள், கணினியின் முகப்புத்திரையில் இருந்தன. நாள்தோறும் கண்ணில் படட்டும் என்று அங்கே வைத்திருந்தேன். என் காப்புநகல் மென்பொருளோ ‘ஆவணங்கள்’ என்னும் கோப்புறையை மட்டுமே நகலெடுத்து வந்திருக்கிறது. பழைய கைப்பேசியையும் அதற்குள் கொடுத்துவிட்டேன். பழுதான வட்டைத் தரவுமீட்பு நிலையத்திற்கு அனுப்பினேன். தூசியற்ற அறையில் அதனைத் திறந்து பார்த்து, தகடு கீறப்பட்டுள்ளதால் மீட்க இயலாது என்று திருப்பி அனுப்பினர்.

நம் முன்னோர் பனையோலைச் சுவடிகளைச் செல்லரிக்கும் முன்னரே புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஒன்றில் சிதைந்த பகுதியை மற்றொன்று காட்டிற்று. எல்லாச் சுவடிகளும் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? கணினி அறிஞர்கள் கூறும் 3-2-1 விதியும் ஏறத்தாழ இதுவே: மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில். வேறிடம் என்பது இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம். ஊரிலுள்ள மாமா வீடாகவும் இருக்கலாம்.

இணையச் சேமிப்பில் ஒரு நுட்பம் உண்டு. கணினியில் ஒரு கோப்பை அழித்தால், ஒத்திசைவின் வழியே அங்கும் அது அழிந்துவிடும். சில நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அவ்வளவே. வெளிவன்தட்டையும் எப்போதும் கணினியோடு இணைத்து வைத்தல் தகாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் நுழைந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும்.

இப்போது நான் மூன்று திங்களுக்கு ஒருமுறை, காப்புநகலிலிருந்து சில கோப்புகளை எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கிறேன். படம் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் தமிழாகவே இருக்கிறதா என்று நோக்குகிறேன். இதற்குக் கால்மணி நேரம்கூட ஆவதில்லை.

பயிற்சி

1. ஆசிரியரின் கோப்பு பழுதுபடாமல் இருந்தும் அதனைப் படிக்க இயலாமற் போனது ஏன்?

2. குரல்பதிவு மீளாமைக்கு ஆசிரியரின் செயல்கள் எவ்வெவ்வாறு காரணமாயின? மூன்று தொடர்களில் எழுதுக.

3. ‘வன்தட்டு’ – பிரித்து எழுதி இலக்கணக்குறிப்புத் தருக.

4. பெயர்த்தெழுது, மீட்டெடு – இச்சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.

5. பாட்டியை ஆச்சி, அப்பத்தா, அம்மாயி எனப் பலவாறு அழைப்பர். உங்கள் வீட்டில் எவ்வாறு அழைக்கிறீர்கள்? அது எப்பகுதி வழக்கு எனப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. இயன்றால் அவரிடம் ஒரு தாலாட்டைக் கேட்டுப் பதிவுசெய்து, இரண்டு இடங்களில் வைத்து, இரண்டிலும் ஒலிக்கிறதா என்று பார்த்து வருக.