வளவு நீர்நிலைகளும் சிறுவர் பாதுகாப்பும்

க.பொ.த. (சா/த) – சுகாதாரமும் உடற்கல்வியும்

1. அறிமுகம்

கிணறு, மீன் வளர்க்கும் சிறு குளம், அல்லித் தொட்டி, மழைநீர்த் தொட்டி என்பன எமது வளவுகளில் சாதாரணமாகக் காணப்படுபவை. ஆண்டு முழுவதும் பாயும் ஆறுகள் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறில்லாத வளவு அரிது. பயனுள்ள இந்நீர்நிலைகளே சிறு பிள்ளைகளுக்கு எமனாகவும் அமையலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 இல் உலகில் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் 5 வயதிலும் குறைந்த பிள்ளைகளாவர்.

மாணவர்களே, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று வீட்டில் பெரும்பாலும் உங்களிடமே கூறப்படுகிறது. எனவே இப்பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று.

2. சிறு பிள்ளைகள் இலகுவில் மூழ்குவது ஏன்?

• உடலுடன் ஒப்பிடும்போது தலை பாரமானது. எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகீழாக விழும். மீண்டும் எழும்ப முடியாது.
• மூக்கும் வாயும் மூடுமளவு நீர் போதும். சில சென்ரிமீற்றர் ஆழமும், வாளி நீரும் ஆபத்தானவை.
• மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. மூச்செடுக்க முடியாதவரால் கத்தவும் முடியாது.
• சில நிமிடங்கள் ஒட்சிசன் கிடைக்காவிடின் மூளை பாதிப்படையும்.

3. பாதுகாப்பின் மூன்று படிகள்

(அ) மேற்பார்வை: நீர் அருகில் விளையாடும் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். பலர் கூடும் வீட்டு விசேடங்களில் "யாரோ பார்க்கிறார்கள்" என்று எல்லோரும் எண்ணி விடுவதுண்டு. பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று.

(ஆ) தடை:
• குளத்தின் நான்கு பக்கமும் குறைந்தது 1.2 மீற்றர் உயரமான வேலி அமைத்தல். கம்பிகளுக்கிடையிலான இடைவெளி 10 சென்ரிமீற்றரிலும் குறைவாக இருத்தல்.
• படலை வெளிப்புறமாகத் திறந்து, தானாகவே மூடிக்கொள்ளுமாறும், கொழுக்கி பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்குமாறும் அமைத்தல்.
• வேலி அருகிலும் கிணற்றுக் கட்டின் அருகிலும் ஏறி நிற்கக்கூடிய கதிரை, கல், கவிழ்த்த வாளி என்பவற்றை வையாதிருத்தல்.
• சிறு குளத்தின் மேல், நீர் மட்டத்துக்கு உயரே, பிள்ளையின் பாரத்தைத் தாங்கும் உறுதியான இரும்புக் கம்பிவலை பொருத்துதல். மெல்லிய நைலோன் வலை தொய்ந்து நீருள் அமிழ்வதால் பிள்ளையைத் தாங்காது.
• கிணற்றுக்குக் கட்டும் பூட்டக்கூடிய வலை மூடியும் அமைத்தல். இடப்பெயர்வின் பின் கைவிடப்பட்டுப் பற்றைகளால் மறைந்த கிணறுகளை அடையாளமிட்டு மூடுதல்.

(இ) மீட்பு: நீண்ட தடி, மிதக்கக்கூடிய வெற்றுக் கலன், கயிறு ஆகியவற்றை அருகில் வைத்திருத்தல்.

4. செல்லப்பிராணிகள்

நாய், பூனை என்பன நீந்தினாலும் செங்குத்தான வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் களைத்து மூழ்கிவிடும். குளத்தின் ஓர் ஓரத்தைச் சாய்வாக அமைத்தல், கற்களைப் படியாக அடுக்குதல், அல்லது சொரசொரப்பான பலகையைச் சாய்த்துக் கட்டுதல் போதுமானது. இவ்வழி வேலிக்கு உட்புறமாகவே இருத்தல் வேண்டும்.

5. விபத்து நேர்ந்தால்

உதவி கேட்டுச் சத்தமிடுக. தடியை நீட்டுக அல்லது கயிற்றை எறிக. ஆழமான நீரிலோ கிணற்றிலோ நீங்கள் குதிக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்குக. மூச்சில்லையெனின் பயிற்சி பெற்றவர் முதலில் செயற்கைச் சுவாசமும், தொடர்ந்து நெஞ்சு அழுத்தமும் வழங்குதல் வேண்டும். பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதோ வயிற்றை அழுத்தி நீர் எடுப்பதோ தவறாகும். அதனால் பெறுமதியான நேரம் வீணாகும்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: 2 வயதுப் பிள்ளையுள்ள வீடொன்றின் பின்வளவில் 60 சென்ரிமீற்றர் ஆழமான மீன் குளம் உண்டு. மூன்று பக்கம் வேலி உண்டு. நான்காம் பக்கத்தில் சமையலறைக் கதவு நேரே குளத்தை நோக்கித் திறக்கின்றது. "அம்மா எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதால் இது போதும்" என்கிறார் தந்தை. இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்கிறீரா? காரணம் தருக.

விடை: ஏற்க முடியாது. பிள்ளை பெரும்பாலும் வெளியேறும் வழியே திறந்திருப்பதால் மூன்று பக்க வேலியால் பயனில்லை. அடுப்பில் பால் பொங்கும்போதோ தொலைபேசி ஒலிக்கும்போதோ எவருடைய கவனமும் சில கணம் திரும்பும். பிள்ளை சத்தமின்றி மூழ்குவதால் அதைக் காதாலும் அறிய முடியாது. அக்கணத்தில் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது நான்காம் பக்க வேலியே. தடை மேற்பார்வைக்குப் பதிலானதன்று. அது தவறும்போது எமக்கு நேரம் தருவது.

செயற்பாடு: இன்று மாலை உமது வளவைச் சுற்றி வருக. முழந்தாளிட்டு, 2 வயதுப் பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து பார்த்து, நீரை அடையக்கூடிய வழிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் ஒன்றையாவது இவ்வாரமே பெற்றோரின் உதவியுடன் மூடுக.